பெயர் ஒன்று, எண் வேறு: தோட்டத்து வீடொன்றில் திறக்க மறுத்த பழைய வன்தட்டு

இந்தப் பதிவு வீட்டாரின் சம்மதத்துடன் எழுதப்படுகிறது. ஆட்களின் பெயரும் தோட்டத்தின் பெயரும் விடப்பட்டுள்ளன. விண்டோஸ் 7 இருந்த கணினி விண்டோஸ் 10க்கு மாறியபோது நடந்தது இது. ஆனால் சிக்கலின் வேர் என்.டி.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமையில், அதாவது தட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி யாருக்கு எதில் அனுமதி என்று பதிந்து வைக்கும் முறையில், இருக்கிறது. 1993இல் விண்டோஸ் என்.டி. 3.1உடன் வந்த அந்த முறைமைதான் இன்றும் பயன்பாட்டில் உள்ளது என்பதால், விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கும் இதில் சொல்லப்படுபவை பொருந்தும்.

பின்னணி

வீடு இலங்கையின் மலையகத்தில், தலவாக்கலைக்கு அண்மையில் உள்ள பெருந்தோட்டமொன்றில் இருக்கிறது. வீட்டுத் தலைவர் தோட்ட அலுவலகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் ஆட்கள் அவரைத் தேடி வருவது நிற்கவில்லை. சேமலாப நிதிக்கு விண்ணப்பம் நிரப்பவும், பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை திருத்தவும், பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதவும் மாலையில் யாராவது வாசலில் நிற்பார்கள். அவர் ஒரு ஸ்கேனர் வாங்கி, வருகிற பத்திரங்களை எல்லாம் பிரதியெடுத்துக் குடும்பவாரியாகக் கோப்புறை போட்டு வைத்திருந்தார்.

அவற்றுள் மிகப் பெறுமதியானவை பழைய பிரஜாவுரிமைச் சான்றிதழ்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் (பிரஜாவுரிமை) சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துப் பதிவு பெற்றவர்கள் சிலர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வீட்டில் இன்றும் அந்தத் தாள் ஏதாவது ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். லயத்துக் (தொழிலாளர் வரிசை வீட்டுக்) கூரை ஒழுகித் தாள் கரைந்துபோன குடும்பங்களுக்கு, கிளாக்கர் எடுத்து வைத்த ஸ்கேன் படம்தான் மிச்சம். ஒரு வீட்டுக் கணினிதானே என்று நான் இதை இலேசாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுவே.

கணினியில் 500 ஜிகாபைட் வன்தட்டு ஒன்று இருந்தது. கணக்கு ஒன்றே, அதுவும் தந்தையின் பெயரில். உயர்தரம் படிக்கும் மகளும், கொழும்பில் வேலை செய்து விடுமுறைக்கு வரும் மகனும் அதே கணக்கில்தான் வேலை செய்தார்கள்.

முறிவும் அதன் பின்னர் நடந்தவையும்

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடி மின்னல் மலையகத்தில் வழக்கமானது. அப்படியான ஒரு பிற்பகலில் கணினி செருகியபடியே இருந்திருக்கிறது. மின்வழங்கியும் தாய்ப்பலகையும் போயின. வன்தட்டு தப்பியது.

நகரத்துக் கடையொன்றில் தாய்ப்பலகையை மாற்றி, புதிய எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்புத் தட்டு) ஒன்று போட்டு, அதில் விண்டோஸ் 10 நிறுவிக் கொடுத்தார்கள். பழைய வன்தட்டு இரண்டாவது தட்டாக, டி டிரைவ் என்ற பெயரில் இணைக்கப்பட்டது. வாடிக்கையாளருக்கு வசதியாக இருக்கட்டும் என்று புதிய கணக்குக்கும் பழைய பெயரையே வைத்தார்கள். கடவுச்சொல்லும் பழையதே.

வீட்டுக்கு வந்ததும் கிளாக்கர் டி டிரைவைத் திறந்தார். பயனர்களின் கோப்புறைகள் இருக்கும் இடத்தில் தம் பெயரில் இருந்த கோப்புறையைச் சொடுக்கினார். இதைத் திறக்க உங்களுக்கு இப்போது அனுமதி இல்லை, நிரந்தரமாக அனுமதி பெறத் 'தொடர்க' என்பதை அழுத்துங்கள் என்று பெட்டி வந்தது. அழுத்தினார். பச்சைக் கோடு வெகுநேரம் ஓடியது. சில கோப்புறைகள் திறந்தன. ஸ்கேன் படங்கள் இருந்த கோப்புறை உட்படச் சில 'அணுகல் மறுக்கப்பட்டது' என்றே நின்றன.

தங்கையின் மகன் உதவிக்கு வந்தார். கைபேசியில் எங்கோ பார்த்த வழிமுறையின்படி, டி டிரைவின் உரிமையாளரை மாற்றி, 'எல்லோருக்கும் முழு அனுமதி' என்று கொடுத்து, உள்ளே இருக்கும் அனைத்தின் அனுமதிகளையும் இதனால் மாற்றீடு செய்க என்ற கட்டத்திலும் அடையாளம் போட்டார். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனது. மின்சாரம் வந்த பிறகு, கணினி முழுவதற்கும் கொடுத்தால்தான் சரிவரும் என்று எண்ணி, அதையே சி டிரைவிலும் செய்துவிட்டார். மறுநாள் தொடக்கப் பட்டி திறக்கவில்லை. அமைப்புகள் சாளரம் தோன்றி மறைந்தது. என்னிடம் கணினி வந்தது இந்த நிலையில்தான்.

பார்த்தவையும் விலக்கியவையும்

அனுமதி மறுப்பு என்று திரையில் வருவதெல்லாம் அனுமதிச் சிக்கல் அல்ல. சாகத் தொடங்கிய வன்தட்டும் சில வேளை அதே சொற்களைத்தான் காட்டும். ஆகவே முதலில் தட்டின் உடல்நிலை. அதன் தற்பரிசோதனைப் பதிவில் பழுதான பகுதிகள் சில குறிக்கப்பட்டிருந்தன. அதிகம் இல்லை, ஆனால் பூச்சியமும் இல்லை. இந்த ஒரு தகவல் பின்னால் எடுத்த எல்லா முடிவுகளையும் பாதித்தது: இந்தத் தட்டில் இனி எதையும் எழுதக் கூடாது. பிழை திருத்தும் கருவியையும் ஓட்டக் கூடாது. அது பழுதான தட்டில் உள்ளதையும் கெடுத்துவிடக்கூடும்.

அடுத்து, குறிமுறையாக்கம்; அதாவது சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி கோப்பை மாற்றி வைப்பது. விண்டோஸ் 7இன் புரொபெஷனல் பதிப்பில் ஒரு கோப்பின் பண்புகளில் சிறு கட்டமொன்றைத் தொட்டாலே அது குறிமுறையாக்கப்பட்டுவிடும். அப்படியான கோப்புகளின் பெயர் பச்சை நிறத்தில் தெரியும். உரிமையாளரை மாற்றுவதால் அவை திறக்காது; பழைய விண்டோஸில் இருந்த சாவிச் சான்றிதழ் வேண்டும். பழைய நிறுவலை யாராவது அழித்திருந்தால் அத்தோடு கதை முடிந்தது. உபுண்டு லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளம் உள்ள பென் டிரைவில் இருந்து கணினியைத் தொடக்கி, டி டிரைவை வாசிப்புக்கு மட்டும் என்று இணைத்துப் பார்த்தேன். அவ்வாறு இணைக்கப்பட்ட என்.டி.எஃப்.எஸ். தட்டில் லினக்ஸ், விண்டோஸ் எழுதி வைத்த அனுமதிப் பட்டியலைப் பொருட்படுத்தாது. ஸ்கேன் படங்கள் சாதாரணமாகத் திறந்தன. குறிமுறையாக்கம் இல்லை, கோப்புகளும் உயிரோடு இருக்கின்றன என்பது அந்த இடத்திலேயே உறுதியானது. கிளாக்கரும் அருகில் இருந்து பார்த்தார். அதற்குப் பிறகு வீட்டில் பதற்றம் பாதி குறைந்தது. அவசரப்பட்டுக் கைவைப்பதும் நின்றது.

மூன்றாவது, பயமுறுத்தும் போலிகள். வீட்டார் எழுதி வைத்திருந்த 'திறக்காதவை' பட்டியலில் 'டொக்கியுமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற கோப்புறையும் இருந்தது. அது கோப்புறையே அல்ல. விண்டோஸ் விஸ்டாவில் இருந்து, பழைய இடத்தைத் தேடும் மென்பொருள்களுக்குப் புதிய இடத்தைக் காட்டுவதற்காக வைக்கப்பட்டுள்ள திசைகாட்டி. அதன் உள்ளடக்கத்தைப் பட்டியலிட யாருக்கும் இடமில்லை என்று வேண்டுமென்றே மறுப்பு எழுதப்பட்டிருக்கிறது. அதைத் 'திருத்த' முயன்று நேரத்தைத் தொலைத்தவர்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன்.

மிஞ்சியது உண்மையான காரணம். ஸ்கேன் கோப்புறையின் உரிமையாளர் என்ற இடத்தில் பெயர் இல்லை. 'அறியப்படாத கணக்கு' என்றும், பக்கத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கி 1000 என்று முடியும் நீண்ட எண்ணும் இருந்தன. புதிய கணக்கின் எண்ணைக் கட்டளைச் சாளரத்தில் கேட்டபோது அதுவும் எஸ்-1-5-21 என்றே தொடங்கியது. நடு இலக்கங்கள் முற்றிலும் வேறு, முடிவு 1001.

"பெயர் ஒன்றுதானே மாஸ்டர், பிறகு ஏன் வேறு ஆள் என்கிறது?" என்று கிளாக்கர் கேட்டார்.

"ஐயா, அது பெயரைப் பார்ப்பதே இல்லை. எண்ணைத்தான் பார்க்கிறது" என்றேன்.

அவர் சற்று யோசித்து, "செக்ரோல் போல" என்றார். செக்ரோல் என்பது தோட்டத் தொழிலாளரின் பெயரும் சம்பளமும் பதியும் ஏடு. ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். சம்பளம் எண்ணுக்குத்தான் போகும். என்னால் இதைவிடச் சுருக்கமாக விளக்கியிருக்க முடியாது. விண்டோஸ் நிறுவும்போது ஒவ்வொரு நிறுவலும் தனக்கென்று ஓர் எண் வரிசையை உருவாக்கிக்கொள்கிறது. கணக்குகளின் எண்கள் அதிலிருந்தே பிறக்கின்றன. ஆகவே பழைய பெயரும் பழைய கடவுச்சொல்லும் கொடுத்தாலும் புதிய நிறுவலில் பிறந்தவர் புதியவர்தான். கடையில் பெயரை மாற்றி வைத்திருந்தால்கூட வீட்டாருக்கு இந்தக் குழப்பம் குறைந்திருக்கும்.

பிரதியெடுத்தல்

இரண்டு வழிகள் இருந்தன. டி டிரைவின் அனுமதிகளைச் சரிசெய்துவிட்டுக் கோப்புகளை எடுப்பது ஒன்று. அனுமதிகளைத் தொடாமலே கோப்புகளை வெளியே எடுப்பது மற்றது. பெரும்பாலான வழிகாட்டிகள் முதலாவதையே சொல்கின்றன. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். அனுமதியை மாற்றுவதும் தட்டில் எழுதுவதுதான். ஒவ்வொரு கோப்பின் பதிவையும் தொட்டு எழுத வேண்டும். பழுதான பகுதிகள் உள்ள தட்டில், ஏற்கெனவே ஒருமுறை நடுவில் அறுந்துபோன அந்த வேலையை மீண்டும் செய்ய எனக்கு மனமில்லை. அதோடு, கோப்புகள் வெளியே வந்துவிட்டால் பழைய அனுமதிகளால் யாருக்கும் பயன் இல்லை.

சி டிரைவ் குழம்பியிருந்ததால் தட்டைக் கழற்றி என் கணினியில் பூட்டினேன். விண்டோஸுடன் வரும், கோப்புகளைப் பிரதியெடுக்கும் ரோபோகாப்பி என்ற கட்டளையில் 'காப்புநிலை' என்ற தெரிவு உண்டு. நிர்வாகி உரிமையுடன் திறந்த சாளரத்தில் அதைக் கொடுத்தால், காப்புப்பிரதி எடுப்பவருக்கென்று விண்டோஸ் ஒதுக்கியிருக்கும் சலுகையில் கோப்புகளை வாசிக்கும். ஒவ்வொரு கோப்பிலும் எழுதியிருக்கும் மறுப்பு அதைத் தடுக்காது. தரவு, பண்பு, நேர முத்திரை ஆகியவை மட்டும் வரும், அனுமதிப் பட்டியல் வராது. புதிய இடத்தின் அனுமதியை அங்கே பெற்றுக்கொள்ளும்.

இந்தக் கட்டளையில் இரண்டு விடயங்களை மறக்கக் கூடாது. மேலே சொன்ன திசைகாட்டிகளைத் தவிர்க்கும் தெரிவைக் கொடுக்காவிட்டால், பயனர் கோப்புறைக்குள் சில திசைகாட்டிகள் தம்மையே சுட்டுவதால் பிரதியெடுப்பு முடிவில்லாமல் உள்ளே உள்ளே போகும். மற்றது, வாசிக்க முடியாத கோப்பை அது பத்து லட்சம் தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையே 30 வினாடி விட்டு முயலும். இயல்பான அமைப்பே அதுதான். பழுதான தட்டில் இதைவிடக் கொடுமை இல்லை. ஒரு தடவை, ஒரு வினாடி என்று குறைத்து, நடந்ததை எல்லாம் பதிவுக் கோப்பில் எழுதும்படி சொல்லி ஓடவிட்டேன்.

ஸ்கேன் படங்கள் முழுவதும் வந்தன. குடும்பப் படங்களும் மகளின் குறிப்புகளும் வந்தன. பதிவுக் கோப்பில் தவறியவை என்று இருந்தவை திருமண வீட்டு வீடியோக்கள் சில மட்டுமே. அவற்றில் இருந்த பிழை அனுமதி மறுப்பு அல்ல, வாசிப்புப் பிழை. பிறகு லினக்ஸிலும் முயன்று பார்த்துக் கைவிட்டேன்.

கோப்புகள் கிடைத்த பிறகு இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. கிளாக்கர் தட்டச்சு செய்த கடிதங்களைத் திறந்தால் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடந்தன. "பூட்டு இன்னும் முழுதாகக் கழலவில்லையோ" என்று வீட்டில் கேட்டார்கள். கடிதங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துரு. புதிய விண்டோஸில் பாமினி இல்லை, அவ்வளவுதான். பழைய தட்டின் எழுத்துருக் கோப்புறையில் இருந்தே அதை எடுத்து நிறுவியதும் கடிதங்கள் பழையபடி வாசிக்கக் கிடைத்தன. இலங்கையில் பழைய கணினி ஒன்றை மீட்பவர்கள் எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்து எடுத்துவிடுவது நல்லது.

சி டிரைவை ஏன் சீர்செய்யவில்லை

தொடக்கப் பட்டி திறக்காததன் காரணம் விளங்கியது. விண்டோஸ் 10இல் தொடக்கப் பட்டி, அமைப்புகள் போன்றவை குறைந்த உரிமையுடன் ஓடும் செயலிப் பொதிகள். அவற்றுக்கென்று அமைப்புக் கோப்புகளில் தனி அனுமதி வரி இருக்கும். 'எல்லாவற்றையும் மாற்றீடு செய்க' என்றபோது அந்த வரிகள் துடைக்கப்பட்டன. 'எல்லோருக்கும் முழு அனுமதி' என்பது இந்தப் பொதிகளை உள்ளடக்காது. பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய இடம் இது.

ஐகேக்ல்ஸ் என்ற கட்டளையில் அனுமதிகளை மீளமைக்கும் வசதி உண்டுதான். ஆனால் அது ஒவ்வொரு கோப்புக்கும் மேற்கோப்புறையில் இருந்து இறங்கிவரும் அனுமதியை மட்டும் வைத்துவிட்டு மற்றதை நீக்கும். மைக்ரோசொஃப்ட் அனுப்பிய நிலைக்கு அது திரும்பாது. முன்கூட்டியே அனுமதிப் பட்டியலைச் சேமித்திருந்தால் மீட்டிருக்கலாம். யாரும் சேமிக்கவில்லை. அந்த எஸ்.எஸ்.டி.யில் வீட்டாரின் கோப்பு எதுவும் இல்லாததால், வரிவரியாகத் தேடித் திருத்துவதைவிடப் புதிதாக நிறுவுவதே நேர்மையான வழி என்று முடிவெடுத்தேன். நிறுவும்போது பழைய தட்டின் வயரைக் கழற்றியே வைத்திருந்தேன். நிறுவல் திரையில் தவறான தட்டைத் தெரிந்து அழித்துவிடுவது மிகச் சுலபம்.

யார் எதைத் திறக்கலாம்

தொழினுட்பத்தைவிட இந்தப் பேச்சுக்கே அதிக நேரம் எடுத்தது. கிளாக்கரின் நிலைப்பாடு நேரானது: "ஒரே வீட்டில் என்ன ஒளிவு மறைவு? எல்லாருக்கும் எல்லாம் திறந்தே இருக்கட்டும். இந்தத் தொல்லையே வேண்டாம்."

மகள் மறுத்தார். தன் கோப்புகளைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "அப்பா, என் கூட்டாளிகள் பாடம் செய்ய வந்து இதே கணினியில் பென் டிரைவ் போடுகிறார்கள். அதே கணக்கில் ஊர் ஆட்களின் அடையாள அட்டைப் பிரதி எல்லாம் இருக்கிறது. அவர்கள் உங்களை நம்பித்தானே தந்தார்கள்?"

அதற்குப் பிறகு கிளாக்கர் வாதாடவில்லை. நிர்வாகிக் கணக்கு ஒன்று உருவாக்கி, அதன் கடவுச்சொல்லை எழுதி உறையில் இட்டு அலுமாரியில் வைத்தோம். அன்றாட வேலைக்கு அது பயன்படாது. தந்தை, மகள், மகன் மூவருக்கும் சாதாரணக் கணக்குகள். ஊர்ப் பத்திரங்கள் தந்தையின் கணக்கில் மட்டும். எல்லோரும் பார்க்க வேண்டிய படங்களும் வீட்டுக் கணக்குகளும் விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் பொதுக் கோப்புறையில். வருகிற கூட்டாளிகள் மகளின் கணக்கோடு நிற்பார்கள்.

ஒன்றை மட்டும் கிளாக்கரிடம் வெளிப்படையாகச் சொன்னேன்: இந்த அனுமதிகள் கணினி ஓடும்போதுதான் காவல். தட்டைக் கழற்றி வேறு இடத்தில் பூட்டியவன் எதையும் வாசிக்கலாம்; நான் செய்ததும் அதைத்தானே.

பின்னர் வந்த செய்தி

சில வாரங்களின் பின் மகள் அழைத்தார். தான் ஸ்கேன் செய்த குடும்ப அட்டையைப் பொதுக் கோப்புறைக்கு மாற்றியும் அப்பாவால் திறக்க முடியவில்லை என்றார். "வெட்டி ஒட்டினீர்களா, பிரதி செய்தீர்களா?" என்று கேட்டேன். வெட்டி ஒட்டியிருந்தார்.

ஒரே என்.டி.எஃப்.எஸ். டிரைவுக்குள் ஒரு கோப்பை நகர்த்தினால் அது தன் பழைய அனுமதியைக் கூடவே கொண்டுபோகும். பிரதி செய்தால் புதிய இடத்தின் அனுமதியைப் பெறும். மகளுக்கு மட்டும் என்றிருந்த கோப்பு, பொது இடத்தில் இருந்துகொண்டும் மகளுக்கு மட்டுமாகவே இருந்தது. கோப்பின் உரிமையாளர் அவரே என்பதால் அனுமதியை மாற்றும் உரிமையும் அவருக்கு உண்டு. சி டிரைவ் முழுவதற்கும் வேண்டாம் என்று நான் தவிர்த்த அதே மீளமைக்கும் கட்டளையை, அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்தேன். அங்கே அது சரியான மருந்து: மேலிருந்து இறங்கும் பொது அனுமதியைத் தவிர வேறெதுவும் அந்தக் கோப்புகளுக்குத் தேவையில்லை.

காப்புப்பிரதிக்கு வெளித்தட்டு ஒன்று வாங்கினார்கள். அதை எக்ஸ்ஃபாட் என்ற வேறொரு கோப்பு முறைமையில் வடிவமைத்தேன். அதில் அனுமதி என்பதே கிடையாது. எந்தக் கணினியில் செருகினாலும் திறக்கும். நாளை இன்னொரு இடி விழுந்தாலும் எண் பொருந்தவில்லை என்ற பேச்சு எழாது. அதன் பாதகம், கையில் கிடைத்தவர் எவரும் வாசிக்கலாம் என்பது. ஆகவே அது பூட்டிய அலுமாரியில் இருக்கிறது.

மாற்ற வேண்டியவை

கணினியைக் கடையில் கொடுக்கும்போதே, பழைய தட்டில் இருந்து என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்துப் புதிய தட்டுக்குப் பிரதி செய்து வாங்கியிருக்க வேண்டும். கடையில் நிர்வாகி உரிமையுடன் சிறிது நேரத்தில் முடிகிற வேலை அது. இப்போது இப்பகுதியில் என்னிடம் கேட்பவர்களுக்கு இதையே முதலில் சொல்கிறேன். 'தொடர்க' என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன், தட்டு நலமா என்று பார்க்கவும் சொல்கிறேன். அந்தப் பொத்தான் பார்ப்பதற்குச் சாதுவாக இருந்தாலும் ஆயிரக்கணக்கான கோப்புகளில் எழுதத் தொடங்கும்.

ஊர்ப் பத்திரங்களைக் குறிமுறையாக்கி வைப்பது பற்றியும் பேசினோம். இந்தக் கணினியில் இருப்பது ஹோம் பதிப்பு. அதில் விண்டோஸின் குறிமுறையாக்க வசதியான பிட்லாக்கர் முழுமையாக இல்லை. வெராகிரிப்ட் போன்ற இலவச மென்பொருளால் செய்யலாம். ஆனால் கடவுச்சொல் ஒருவரின் நினைவில் மட்டும் இருந்து, அவருக்கு ஏதாவது ஆனால், பிரஜாவுரிமைச் சான்றிதழின் ஒரே பிரதியும் அத்தோடு போய்விடும். பழைய தட்டில் நாங்கள் தப்பியது அங்கே குறிமுறையாக்கம் இல்லாததால்தான். மகள் செய்யலாம் என்கிறார், கிளாக்கர் தயங்குகிறார். மகன் விடுமுறைக்கு வந்ததும் மூவரும் பேசி முடிவெடுப்பதாக இருக்கிறார்கள். அதுவரை பழைய வன்தட்டை விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.